கிடங்கு மனையின் தண்ணீர்

ஜூன் 9, திங்கள்
வெயில் குறைந்தபாடில்லை. காலையில் கரண்ட் இல்லை, மோட்டார் போடவில்லை. தொட்டியில் கால்வாசி. செல்விக்கு ஆறாம் மாதம் முடிகிறது. குளிக்க மறுபடி தகராறு.

"தண்ணி நாறுதுங்க. மண்ணெண்ணெ ஊத்தினாப்பல."

"மசக்கை இன்னும் வுடல உனுக்கு" என்றேன். இவளுக்குச் சோறு வடித்தால் நாறும், சோப்பு நாறும், நானே நாறுவேன்.

டாக்டரம்மா தினம் மூன்று லிட்டர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். பாட்டில்களில் அளந்து வைத்துவிட்டு பஸ் பிடித்தேன். திருச்சானூரில் கூட்டம், நான் வேலை பார்க்கும் லாட்ஜில் ஒரு ரூம் காலியில்லை.

ஜூன் 11, புதன்
வாங்க: மோட்டார் வயர், இரும்பு மாத்திரை, எலுமிச்சம்பழம் (தண்ணீரில் பிழிந்து கொடுக்க).

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். இடுப்பளவு பள்ளத்தில் துருப்பிடித்த பீப்பாய்கள். மண் கறுப்பு. மேஸ்திரி சாவகாசமாகச் சொன்னார்: "மிலிட்டரி கிடங்கு இருந்த எடம் நைனா இது. டீசல், பெட்ரோல் எல்லாம் இங்கதான் வெச்சிக்கினு இருந்தாங்க. போறப்போ மிச்சத்த பொதைச்சிட்டு பூட்டாங்க."

மனையை விற்ற லேஅவுட்காரன் இதைச் சொல்லவில்லை. மலை தெரியும், காற்று வரும் என்றான். படுபாவி.

ஜூன் 12, வியாழன்
லீவு. வீட்டு போர்வெல் தண்ணீர் ஒரு பாட்டில், திருப்பதி லேப். மூடியைத் திறந்ததுமே லேப்காரர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எத்தினி நாளா குடிக்கிறீங்க?"

குடிவந்து ஐந்து மாதம் என்றேன். வீட்டில் யார் யார் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

ஜூன் 14, சனி
ரிப்போர்ட். டீசல், பென்சீன், ஈயம். காய்ச்சினாலும் போகாதாம்.

டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

பஞ்சாயத்து ஆபீசில் மிலிட்டரியைக் கேள் என்கிறார்கள். அவர்கள் காலி செய்து எத்தனையோ வருஷம். யாரைப் போய்க் கேட்பது? பயமாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு
கேன் தண்ணீர் வந்தது. செல்வி ஒரு டம்ளர் குடித்தாள். மூச்சு விடாமல் இன்னொன்று. என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்:

"உங்களுக்கு நெஜமாவே அந்த நாத்தம் வரலியா?"

வரல என்றேன்.

வந்தது. கிரகப்பிரவேசத்தன்று மோட்டார் போட்டபோதே வந்தது. பதினோரு வருஷம் வாடகை அறை, அப்புறம் சொந்த வீடு. வாயை மூடிக்கொண்டேன். அதிலிருந்து நான் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. லாட்ஜில் குடித்துவிட்டு வருவேன்.