தானாக வேகம் குறைக்கும் வண்டி

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத்தில் இன்று நிற்க நேரமில்லை. ரத்தம் எடுத்து எடுத்தே மதியமாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது அவரிடமிருந்து போன். நாங்கள் பிரிந்து இரண்டு வருடம்; மகள் அவரோடு இருக்கிறாள், இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நான் போய் அழைத்து வருவேன்.

"சனிக்கிழமை நடந்ததப் பாப்பா சொன்னா. நாய் குறுக்க வந்துச்சாம், பிரேக் சரியா பிடிக்கலையாம். அந்த ஓட்ட வண்டியில இனிமே அவள அனுப்ப மாட்டேன்."

"வேற வண்டி வாங்கிடறேன்."

"வாங்கு. அப்புறம் பாக்கலாம்."

மார்ச் 5, புதன்

நாய் எதுவும் வரவில்லை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன்.

வெள்ளி இரவு டியூட்டி முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பினேன். போக மூன்று மணி நேரம். அவளை ஏற்றிக்கொண்டு உடனே திரும்பினேன். பாதி வழியில் கண் சொருகிவிட்டது. "அம்மா" என்ற சத்தத்தில் விழித்தால் எதிரே லாரியின் பின்பக்கம். ஸ்டியரிங்கை ஒடித்தேன். எப்படித் தப்பினோம் என்று தெரியவில்லை.

ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். அப்பாவிடம் நாய் என்று சொல்லியிருக்கிறாள். பதினான்கு வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது. நானும் அதைப் பிடித்துக்கொண்டு, பழியை வண்டிமேல் போட்டுவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

கூட வேலை செய்பவள் சொன்னாள்: சில எஸ்யூவிகளில் அடாப்டிவ் க்ரூஸ் என்று ஒன்று இருக்கிறதாம். முன்னால் போகிற வண்டியைப் பார்த்து, அதுவே வேகத்தைக் குறைத்து இடைவெளி விடுமாம். பழைய வண்டியாகத் தேடினால் கிடைக்கும் என்றாள்.

அதுதான் வேண்டும் எனக்கு. வேறு எதுவும் வேண்டாம்.

மார்ச் 8, சனி

பழைய கார் விற்கும் கடை. வெள்ளை எஸ்யூவி. "க்ரூஸ் இருக்குங்களா?" என்றேன். "எல்லாமே இருக்கு மேடம், நீங்க கால நீட்டிக்கிட்டு உக்காந்தாப் போதும்" என்றார் கடைக்காரர். ஓட்டிப் பார்த்தேன்; நெடுஞ்சாலையில் எண்பதில் வைத்துவிட்டுக் காலை எடுத்தேன். முன்னால் ஒரு வேன். நெருங்குகிறோம், நெருங்குகிறோம் — வண்டி அசரவில்லை. நான்தான் பிரேக்கை மிதித்தேன்.

சும்மா வேகத்தைப் பிடித்து வைக்கிற சாதா க்ரூஸ் அது. இரண்டும் ஒன்றுதான் என்று என்னிடமே சாதிக்கிறார் மனுஷன்.

மார்ச் 10, திங்கள்

வேறொரு வண்டி பார்க்க, இந்த முறை தெரிந்த மெக்கானிக்கையும் அழைத்துப் போனேன். ஸ்டியரிங்கில் எதைத் தேட வேண்டும் என்று காட்டினார்: குட்டிக் கார் படமும் அதன் முன்னே இரண்டு மூன்று கோடுகளும் போட்ட பட்டன். இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது அதில்தான். இந்த வண்டியில் அது இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் முன்பக்கம் குனிந்து டார்ச் அடித்தார். "அவசரப்படாதீங்கம்மா. முன்னாடி போற வண்டிய அளக்கற ரேடார் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கு. எங்கயோ இடிச்சு, பம்பர மட்டும் மாத்தியிருக்காங்க. பட்டன் வெறும் அலங்காரம்."

திரும்பி வரும்போது கேட்டார், "எதுக்கும்மா இதுல இவ்வளவு பிடிவாதம்?"

சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

டார்ச்சைப் பைக்குள் போட்டார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க. இது முன்னாடி போற வண்டியப் பாக்கும். உங்களப் பாக்காது."

கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேனா?

மார்ச் 12, புதன்

கிடைத்துவிட்டது. சாம்பல் நிறம், ஆறு வருட வண்டி. விற்றவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வண்டியோடு வந்த கையேட்டுக்கு பிரவுன் அட்டை போட்டு வைத்திருக்கிறார். எது கேட்டாலும் பக்க எண்ணைச் சொல்கிறார். மெக்கானிக் கோளாறு காட்டும் கருவியைச் செருகிப் பார்த்தார். ரேடார் உண்டு, கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் உண்டு, ஒரு கோளாறும் இல்லை.

நெடுஞ்சாலையில் ஓட்டினேன். முன்னால் மணல் லாரி. காலைத் தரையில் வைத்துக்கொண்டேன். தொண்ணூறு, எழுபது, ஐம்பது — யாரோ தோளைத் தொட்டு "மெதுவா" என்று சொன்னது போல இருந்தது. அழுதுவிட்டேன். வாத்தியார் பதறிப்போய் ஏசியைக் குறைத்தார்.

மார்ச் 14, வெள்ளி

இன்றும் இரவு டியூட்டிதான். பரவாயில்லை, இந்த வண்டி இருக்கிறது.

மார்ச் 15, சனி

பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் இருந்தேன். அவர் வந்து டயர், விளக்கு எல்லாம் பார்த்துவிட்டு, "நல்ல வண்டிதான்" என்றார். ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

அவள் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். நான் ஒவ்வொரு பட்டனாகக் காட்டினேன். லாரி வந்தால் அதுவே குறைக்கும் என்றேன். இனிமேல் பயமே இல்லை என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். தெருமுனை திரும்புவதற்குள், "கொஞ்சம் நிறுத்தும்மா."

நிறுத்தினேன்.

"நேத்து நைட் டியூட்டியா?"

இன்ஜினை அணைத்தேன்.

"போன தடவ மட்டும் இல்லம்மா. எப்பவுமே நான் உன் கண்ணத்தான் பாத்துட்டு வருவேன். மூணு மணி நேரமும். நீ தூங்கிடக் கூடாதுன்னு சும்மா சும்மா பேசுவேன்ல, அதுக்குத்தான்."

நான் அதை எல்லாம் பாசம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துக் கதை, தோழிகளின் கதை. வழியெல்லாம் வாய் ஓயாத பிள்ளை என்று ஆய்வகத்தில் பெருமையடித்திருக்கிறேன்.

"என்னால முடியலம்மா. நான் இனிமே உன் வீட்டுக்கு வரல. நீ வேணா பஸ்ல வா, இங்கயே பாத்துக்கலாம்."

"கோபமா?"

"கோபம் இல்ல. பயமா இருக்கு."

வாசலில் இறக்கிவிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை, அதுவே பெரிய உபகாரம். ஓரமாக நிறுத்தி இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுத் தனியாகத் திரும்பினேன். வழியில் லாரிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் வண்டி அழகாக வேகம் குறைத்தது. சொல்லிக்காட்டப் பக்கத்தில் ஆளில்லை.

மார்ச் 17, திங்கள்

வெள்ளி இரவு டியூட்டியை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "தாராளமா" என்றார்கள். இரண்டு வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மார்ச் 29, சனி

பஸ்ஸில் போனேன். அரை மணி நேரம் பேசினாள்.

ஏப்ரல் 12, சனி

அவளுக்குப் பரீட்சை. போகவில்லை. என் வீட்டில் அவளுக்கென்று வைத்திருக்கும் அறையைப் பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

ஏப்ரல் 26, சனி

கேட்டிருந்த பொருள்களை இரண்டு பைகளில் எடுத்துப் போனேன்: மேசை விளக்கு, நீச்சல் கண்ணாடி, நீலப் போர்வை, அலமாரியில் மிச்சமிருந்த புத்தகங்கள். அந்த அறையில் இனி எடுக்க எதுவும் இல்லை.

பஸ் நிலையத்துக்கு அவளே வந்திருந்தாள். ஒரு பையை வாங்கிக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"வழியில தூங்கினியா?"

"ஏறினதும் தூங்கிட்டேன். கண்டக்டர்தான் எழுப்பி விட்டார்."

"சரி" என்றாள். ஜூஸ் கடையில் ஒரு மணி நேரம் இருந்தோம். இன்று அவள் அதிகம் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லை அவளுக்கு.

நான்கு மணி பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாள்.