உறைச்சாறு ஆறு கடக்க விடுத்த ஆணை

மழை தவறாதிருக்க, கோல் கோணாதிருக்க! வேங்கைநாட்டு மன்னர் கடலாடிவேந்தரின் பேரமைச்சர் குன்றூர்கிழார், மேலாற்றுத் துறைகாவலர் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையும் படகுகளும் இல்லத்தாரும் நலமாயிருக்க.

மருத்துவச்சி வேல்நங்கையாரின் உறைச்சாற்றுப் பானைகளை நீர் ஆற்றுமணலில் மறித்து வைத்திருப்பது கேட்டு, மன்னரின் தாயார் நாகமுத்தியார் நிலைகொள்ளாமல் தவிக்கிறார். தயிர்போல் உறையிட்டு வளர்த்து வடிக்கும் அது உயிருள்ள மருந்து. நாளை வெயில் ஏறினால் செத்துப் புளித்துவிடும். அக்கரையில் முடக்குநோயால் கிடப்போருக்கு வேறு கதி இல்லை.

அச்சாற்றை முதலில் கண்டறிந்த மருத்துவர் பொன்னம்பியாருக்கு, அவர் உழைப்பை மதித்து, இருபதாண்டுத் தனியுரிமை அளித்தவர் மறைந்த மன்னர். ஒரே வீட்டுப் பானைகள் நாடு முழுதுக்கும் எட்டாததால், நாகமுத்தியார் தாமும் அந்நோயுற்றிருந்தும் தம் பங்கைக் குடிகளுக்கே அனுப்பிவந்தார். அவர் விரல்கள் மடங்காமலே போயின.

சென்ற அறுவடையோடு உரிமை முடிந்தது. பொன்னம்பியார் பானை மூடிக்கு உரிமை கேட்டார். மறுக்கவே, வடிதுணிக்குக் கேட்டார். அடடா, அடுத்து அடுப்புக்கும் கேட்பாரோ என்று அவை சிரித்தது. வேல்நங்கையார் தாமே உறை வளர்த்துச் சாறு வடித்ததும், வீட்டுக்கு வீடு தயிர் வேறுபடுவதுபோல் இதுவும் வேறு, உண்டோர் மடிவர் என்று பொன்னம்பியார் முறையிட்டார். உமக்கும் அதையே சொல்லியனுப்பினார், நீரும் நம்பிவிட்டீர்.

அவையும் அஞ்சியது. இருவர் சாற்றையும் பெயரிடாத கிண்ணங்களில் பொன்னம்பியார்முன் வைத்தோம். முகர்ந்து சுவைத்து, ஒன்றைப் போலியென்று தள்ளினார். அது அவர் வீட்டிலேயே இவ்வாண்டு வடித்தது! ஆயினும் அதனால் புதியது நல்லதென்று ஆகிவிடாதே என்றார் நாகமுத்தியார். ஆகவே எவருக்கு எது என்பதைக் கொடுப்போரும் அறியாவண்ணம், நோயாளர்க்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. கார்காலம் முழுதும் நாகமுத்தியார் நாள்தோறும் நோயாளர் நிலையைக் கேட்டறிந்தார். இரண்டும் ஒருபோலவே நோய் தணித்தன. அதன்பின், மகன் கண்கலங்கித் தடுத்தும், புதிய சாற்றைத் தாமும் அருந்தினார்.

ஆகவே ஓலை கண்டவுடன் பானைகளை ஈரமணலோடு படகேற்றுக. பொன்னம்பியார் பானைகளும் தடையின்றிச் செல்க. விலை இறங்கினால் இறங்கட்டும். தாமதித்தால் துறைகாவல் உமதன்று.

இவ்வோலையின் அரக்கு முத்திரை சற்றே கோணியிருக்கும். போலியென்று ஐயுறாதீர். இன்று காலை மன்னரிடம் மோதிரத்தை வாங்கி, விரல்களை மடக்கிப் பிடித்து, அதைப் பதித்தவர் நாகமுத்தியார்.