நாற்காலிக்குப் பட்டம் வேண்டாமாம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் முட்டிவலியும் அவரை விட்டு நகராமல் சுகமாகவே இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கம்பெனியில் இனி பதவி உயர்வுக்குப் பட்டம் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்களாம், அதனால் மாலைக் கல்லூரியை நிறுத்தப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிறு எரிந்தது.

எங்கள் ஹோட்டல் சலவைப் பிரிவிலும் போன மாதம் இதே கூத்துதான். மேனேஜரைத்தான் உனக்குத் தெரியுமே, வெயிலே எட்டிப் பார்க்காத அந்த அடித்தளத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வருகிற மகராசன். எங்களை இஸ்திரி மேசைகளுக்கு நடுவில் நிறுத்தி, "இனிமே இங்க பட்டம் பார்க்க மாட்டோம், திறமையைத்தான் பார்ப்போம்" என்று முழங்கிவிட்டுக் கேக் வெட்டினார். அவர் வீட்டுச் சொத்தை எழுதிவைத்தது போல நாங்களும் கை தட்டினோம். க்ரீம் சிந்திய விரிப்பை நான்தான் திரும்பத் துவைத்தேன். அங்கே சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருந்தது. இதுவரை பட்டம் வாங்கியவர்கள்தான் அதில் உட்கார்ந்தார்கள், அவர்கள் லீவு போட்டால் நான் உட்காருவேன், வந்ததும் எழுந்துகொள்வேன். இப்போது நீங்களே உட்காருங்கள் என்றார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அவ்வளவு ஆசை. அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் அதிகாரமாகத் தண்ணீர் கேட்டேன், மனுஷர் முட்டியைப் பிடித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் மேனேஜரிடம் சம்பளம் கூடுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டத்துக்காகத்தானேம்மா அவங்களுக்குக் கூடுதலா குடுத்தோம், இப்பதான் பட்டமே வேண்டாம்னு ஆயிடுச்சே" என்றார். என்ன மூளை பார்! வேலை அதே வேலை, விரிப்பு காணாமல் போனால் பழி என் தலையில், சம்பளம் மட்டும் துணி மடிக்கிறவள் சம்பளம். கணக்குப் பிரிவில் ஒரு ஒல்லிப் பெண் இருக்கிறாள், விழுந்து விழுந்து படித்தவள், அவளுக்கும் இதையே சொல்லி இந்த வருட உயர்வை நிறுத்திவிட்டார்கள். படிக்காத என் வாயிலும் மண், படித்த அவள் வாயிலும் மண். "உங்களுக்குப் பட்டம் வேண்டாம், எனக்கு நாற்காலி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மடிக்கப் போய்விட்டேன். கூட இருப்பவர்கள் என்னைப் பிழைக்கத் தெரியாதவள் என்கிறார்கள். சொல்லட்டும்.

படிப்பு என்றால் தெய்வம் என்று நான் சொல்லவில்லை, அந்த நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிய பட்டதாரிகளையும் பார்த்தவள்தான். ஆனால் வேண்டாம் என்று உனக்குச் சொல்கிறவர்கள் தங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று பார். போன வாரம் மேனேஜர் ஒரு மூட்டையோடு வந்தார். புது விரிப்பு, தலையணை உறை, எல்லாம் அவர் மகளுக்கு. "நல்லா மடிப்புக் கலையாம போட்டுக் குடுங்கம்மா, பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறா" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

தேர்வுக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளைத் தவறவிடாதே கண்ணு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் நின்றுகொண்டே துணி மடிக்கும்
உன் அம்மா