முழங்காலில் நீங்கள் இருந்த நேரம்

அப்பா,

பரணில் போர்வை தேடியபோது உங்கள் வெள்ளை வேட்டி ஒன்று கையில் வந்தது. முழங்கால் படும் இரண்டு இடங்களிலும் வட்டமாகச் சிவப்புக் கறை. செகந்திராபாத் வேதக்கோயிலின் தரைவிரிப்புச் சாயம். எத்தனை சலவைக்கும் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போர்வையை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் சீக்கிரம் களைத்துப்போகிறேன்.

அம்மா போன பிறகு திருநெல்வேலி வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு குகட்பள்ளிக்கு வந்தீர்கள். தெலுங்கு தெரியாது. வாரம் முழுவதும் ஏழாவது மாடி பால்கனி. ஞாயிறு மட்டும் தமிழ் ஆராதனை.

அங்கே உங்களுக்கு ஒரு பெயர் உண்டாயிற்று. ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் நீங்கள் முழங்காலிலேயே இருப்பீர்கள், முன்பெஞ்சின் முதுகில் நெற்றியை வைத்தபடி. பாட்டு தொடங்கும். முதல் சரணம் முடியும். அதன் பிறகுதான் எழுவீர்கள். பெஞ்சைப் பிடித்து, கண்ணை மூடி, மெதுவாக.

"ஐயாவுக்கு ஜெப வரம் இருக்கு," என்றார் பாடகர் குழுவில் ஒரு அக்கா. மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை. வெளியே கேலி.

"யப்பா, ஒங்க ஜெபம் முடியறதுக்குள்ள பிரியாணி தீந்துரும்."

"ஆண்டவர்ட்ட பேசுறவன்ட்ட வந்து பிரியாணியப் பேசுத. நல்லா வளத்தேம்ல ஒன்ன."

ஒருமுறை சொன்னீர்கள். மே மாதம், நற்கருணை ஞாயிறு. நற்கருணை எடுக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் போவது நம் வீட்டு வழக்கம். திரும்பும்போது, வாசற்படியில் நின்று:

"எந்திச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருதுல. காது அடச்சிருது. பாட்டெல்லாம் தூரத்துல கேக்கு."

"வெறும் வயிறுல்லா. ரெண்டு இட்லி தின்னா சரியாயிரும்."

தின்றீர்கள். சரியாயிற்று. உட்கார்ந்துதானே தின்றோம்.

பிறகு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்தேன். பின்கழுத்திலிருந்து தோள்வரை வலி என்றீர்கள். தலையணையை மாற்றினேன். கட்டிலைவிட்டு இறங்கியதும் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தீர்கள். மூக்குக் கண்ணாடியை மாற்றினேன். பிரஷர் மாத்திரை தவறவில்லை. மாதாமாதம் பிரஷர் பார்த்தோம். நாற்காலியில் உட்காரவைத்து, ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்து. ஒழுங்காகவே இருந்தது.

ஒரு நாள் காலை. கட்டிலிலிருந்து எழுந்து நான்கு அடி வைத்தீர்கள். அலமாரி விளிம்பு. நெற்றியில் ஏழு தையல்.

தையல் முடிந்ததும் அந்த நர்ஸ் பெண் உங்களைப் பார்த்துத்தான் கேட்டாள். "லேச்சினப்புடு கள்ளு திருகுதுன்னாயா?" நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தமிழில் சொன்னேன்.

"எந்திக்கும்போது கண்ணச் சுத்துதாப்பா?"

அது அவளுடைய கேள்வி. என் வாயிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக வந்தது.

"ஒரு வருசமா," என்றீர்கள்.

படுக்கவைத்து பிரஷர் அளந்தாள். எழுப்பி நிற்கவைத்து அளந்தாள். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும். நின்றதும் எண் சரிந்துகொண்டே போனது. உங்கள் கை என் தோளில் இறுகியது. மேலுதட்டில் வியர்வை. இவ்வளவுதான். ஒரு ஆளை நிற்கவைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆட்டோவில் கேட்டேன்.

"அப்ப, கோயில்ல?"

"மொத ரெண்டு நிமிசம் ஜெபம். மிச்சம் பயம்ல. எந்திச்சா விழுந்துருவமோன்னு."

"ஏம்ப்பா சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன். இட்லி வாங்கித் தந்த." சிரித்தீர்கள். தையல் இழுத்தது. "அப்புறம் எல்லாரும் ஜெப வரம்னுட்டாங்க. நீயும் சந்தோசமாத்தான இருந்த."

மாத்திரையைக் குறைத்தார்கள். எழும் முன் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தீர்கள். மூன்றாம் வாரம் தலைவலி என்றீர்கள். விழுந்த அன்றிலிருந்தே மண்டைக்குள் மெல்லக் கசிந்து சேர்ந்திருந்தது ரத்தம். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

போன ஞாயிறு பாட்டு தொடங்கிய பிறகும் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழவில்லை. போய்க் குனிந்தேன்.

"ஐயா, எந்திரிச்சா கண்ண இருட்டுதா?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "ஜெபம் பண்ணிட்டிருக்கேன் தம்பி. நீங்களும் பண்ணுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் நகரவில்லை. அவர் முழங்கைக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது சரணத்தில் எதையும் பிடிக்காமல் நேராக எழுந்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முழங்காலில் யாரைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறேன். உங்கள் பயம் முழுசாக என்னிடம் வந்துவிட்டது, அப்பா. அந்த முதல் இரண்டு நிமிட ஜெபம்தான் இன்னும் வரவில்லை.