காப்பகத்துக்கு ஒரு இலக்கம்

கட்டுகஸ்தோட்டை,
வெள்ளிக்கிழமை

ஆரபியின்ரை அப்பாவுக்கு,

உங்கடை முதுகு நோ இப்ப எப்பிடி? மாமி மருந்தை ஒழுங்காய்க் குடிக்கிறாவோ? நான் சுகம். போனிலை கதைக்க வெளிக்கிட்டால் பிள்ளை உங்கடை கையிலையிருந்து அதைப் பறிச்சுக்கொண்டு ஓடுறாள், அதுதான் எழுதுறன்.

இஞ்சை எங்கடை கம்பஸ் கணக்குகளுக்குப் புதுக் குறியீடு போடுற வேலை முடியிற கட்டம். ஒவ்வொரு பிரிவுக்கும் எட்டுத் தானத்திலை ஒரு இலக்கம். அது இல்லாமல் இனி ஒரு பல்பும் வாங்கேலாது. பயப்பிடாதேங்கோ, சின்னப் பிழை ஒண்டு விட்டிட்டன். புதன் காலமை அங்கம்மா அக்கா என்ரை மேசைக்கு முன்னாலை வந்து நிண்டா. ஊழியரின்ரை பிள்ளைகளைக் கம்பஸ் காப்பகத்திலை பகலிலை பாக்கிறது அவதான்.

"மிஸ், எங்களுக்கு நம்பரே இல்லைன்னு பாலுக்கு ஆர்டர் போக மாட்டேங்குது. ரெண்டு நாளா நான்தான் வாங்கி ஊத்துறேன்."

பட்டியலை மூண்டு தரம் பார்த்தன். பிள்ளைகள் காப்பகத்தை நான்தான் விட்டிருக்கிறன். அண்டைக்கே இலக்கம் போட்டு, எங்கடை பிரிவுப் பெரிய சேரிட்டைக் கையெழுத்தும் வாங்கி, நானே கொண்டுபோய்க் குடுத்தன். அங்கை ஒரு சின்னன், மூண்டு வயசிருக்கும், என்ரை சீலையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. அரை மணித்தியாலம் அங்கையே இருந்திட்டன். அதுக்குப் பிறகு கதிரையிலை இருக்கவே முடியேல்லை. எழும்புறன், ஜன்னலடிக்குப் போறன், திரும்பி வாறன்.

ஒரு உதவி. பிள்ளையை ஒரு பேப்பரிலை ஏறி நிக்கச் சொல்லி, காலைச் சுற்றிப் பென்சிலாலை கீறி அனுப்புங்கோ. நேற்றுச் சப்பாத்துக் கடையிலை என்ன சைஸ் எண்டு கேட்டாங்கள். எனக்குச் சொல்லத் தெரியேல்லை. ரெண்டு காலையும் கீறுங்கோ.

போஸ்ட் ஒபிஸ் பூட்ட முதல் ஓடவேணும்.

உங்கடை,
சிவதர்சினி