பலகையில் எழுதாத அர்த்தம்

என் செல்ல அப்பாவுக்கு,

றக்வானையில் நம் தேயிலைத் தோட்டத்துக்கும் நாகரிகம் வந்துவிட்டது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் நம் லைன் வீடுகளில் கடைசி இரண்டு காம்பராவுக்கும் வெள்ளையடித்து, கட்டில் போட்டு, சுற்றுலாக்காரர்களைத் தங்கவைக்கிறார்கள். ஒழுகுகிறது என்று நீங்கள் எத்தனை முறை கேட்டும் வராத கூரைத் தகரம் அவர்களுக்கு ஒரே வாரத்தில் வந்தது.

வாசலில் ஒரு பலகை. 'லைன்' என்ற சொல்லின் பூர்வீகத்தை மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறார் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதுரை. லத்தீனில் ஆளிச்செடி நாராம், பிறகு அதில் திரித்த நூலாம், நூல் பிடித்துப் போட்ட கோடாம், வரிசையாம், கடைசியில் நம் வீடாம். துரை பங்களாவில் தூக்கிப்போட்ட டிக்‌ஷனரியில் நீங்களும் அதே சொல்லைத் தேடினீர்களே, நினைவிருக்கிறதா? தூண்டில் கயிறு, ரயில் பாதை, பாட்டின் அடி என்று என்னென்னவோ இருந்தது. "நம்ம குடியிருக்கிறத மட்டும் காணோமே புள்ள" என்று சிரித்தீர்கள்.

போன வாரம் ஏழாம் காம்பரா முத்தையா மாமா போய்விட்டார். வாசல் கான் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் உங்களோடு ஒன்பது வருஷம் பேசாதவரேதான். ஆனால் நீங்கள் இறந்த அன்று அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், உங்களை எடுக்கும்வரை கீழ் லைனிலிருந்து வந்த தேத்தண்ணியோடு கிடந்தார்.

விருந்தாளிகளுக்கு நம் அடுப்பில் சமைத்துக்கொடுத்தது அம்மாதான். முழங்கால் போய், கொழுந்து பறிக்க மலை ஏற முடியாமல் ஆனபிறகு அம்மாவுக்குக் கிடைத்த ஒரே வேலை அது. மாமா இறந்த காலையில் சின்னதுரை வாசலில் வந்து நின்றார்.

"நாலு ரொட்டிதானே அம்மா? விருந்தாளிங்க பசியோட இருக்காங்க."

"லைன்ல சாவுங்க தொரை. எடுக்காம அடுப்பு மூட்டமாட்டோம்."

"சாவு ஏழாவது காம்பராவுல. நீங்க ரெண்டாவது."

"கூரை ஒன்னுதானுங்களே."

"அப்ப நாளையிலிருந்து நீங்க சமைக்கவேணாம்."

"சரிங்க" என்றாள் அம்மா.

பெரிய படிப்பாளி ஒவ்வொரு காம்பராவாகக் கதவு தட்டினார். எல்லா அடுப்பும் சாம்பல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பீர்களே, ரொட்டிக்கும் உதவவில்லை. விருந்தாளிகள் பிஸ்கட் தின்றார்கள். அவர்களில் ஒரு பெண் விஷயம் தெரிந்து, பிஸ்கட்டையும் வைத்துவிட்டு, மாமா வாசலில் வந்து நின்றாள். அவளை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆயிரம் வருஷத்து ஆளிச்செடி நாரைத் தெரிந்தவருக்கு, தினமும் தாண்டிப்போகிற அடுப்பு தெரியவில்லையே, அந்த மனுஷனைத்தான் சொல்கிறேன். இவருக்கெல்லாம் என்ன படிப்பு அப்பா?

அம்மாவுக்கு வேலை போனது போனதுதான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கெஞ்சிக் கேள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

மாமாவை எடுத்தபிறகு அடுப்பு மூட்டினோம். அதில் எரிந்த கரித்துண்டு ஒன்றை எடுத்துப்போய், பலகையின் அடியில் எழுதினேன்: 'இங்கே ஒரு வீட்டில் சாவென்றால் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது.' மறுநாளே துடைத்துவிட்டார்கள். திரும்ப எழுதினேன். அவர்கள் துடைக்கத் துடைக்க எழுதுவேன் அப்பா, நம் வீட்டில் கரிக்கா பஞ்சம்?

இரண்டாம் காம்பராவிலிருந்து,
உங்கள் மூத்த மகள்