படையலில் வைக்காத சிப்பி

இன்று காலை குசினியின் பின்கதவில் சிப்பிப் பெட்டிகள் வந்து இறங்கின. மூடியைத் திறந்ததும் ஐஸுக்குள் இருந்து கடல் மணம் எழும்பியது. அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. உம்முடைய மகன்மேல், உம்முடைய எட்டாம் நாள் செலவு வீட்டில் இருந்த அத்தனை சனத்தின்மேல், எல்லாரையும்விட உம்மேல். வாசிக்க நீர் உயிரோடு இல்லை என்று தெரியும். சொல்லாமல் வைத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த ஐரிஷ் பப்பின் குசினியில் எத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் கிழங்கு உரித்து, சூப் கிண்டினேன். நீர் சிப்பி உடைத்தீர். நீர் வேலைக்கு வந்த முதல்நாள் செஃப் ஒரு சிப்பியைத் திறந்து, தேசிப்புளி பிழிந்து உம்மிடம் நீட்டினார். வாயில் ஊற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்.

"சமைக்காமலோ தின்னுறது?" என்றேன்.

"சமைச்சால் கடல் போயிடும்" என்றீர்.

செஃப் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவர். தன்னுடைய ஊரில் செப்டம்பரில் சிப்பிக்கென்றே ஒரு திருவிழா நடக்கும், சனம் தெருவில் நின்று கறுத்த பியரோடு சிப்பி தின்னும் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான். உமக்கு அன்று பிடித்த பைத்தியம் விடவேயில்லை.

எங்களுடைய வீடுகள் இருக்கிற அஜின்கோர்ட்டில் பஸ் ஏறி, சப்வே மாறி வேலைக்குப் போகிற வழியெல்லாம் எங்களுக்கு அதுதான் கதை. செஃப் போனில் காட்டிய படங்களை வைத்துக்கொண்டு, எந்தத் திருவிழாவுக்குப் போவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தோம். தெற்கே ஒரு ஊரில் வசந்தகாலச் சாப்பாட்டுத் திருவிழா இருந்தது. சூடான பாண், வெண்ணெய், பாற்கட்டி, குந்தியிருக்க வாங்கு. எனக்கு அதுதான் விருப்பம். "உது சந்தை. திருவிழா இல்லை" என்று தள்ளினீர். விஸ்கிக்கு ஒன்று இருந்தது. "அதுக்கு என்ரை மனுசன் வந்திருக்கும். அந்தாள் முந்தியே போய்ச் சேர்ந்திட்டுது" என்றீர்.

"திருவிழா எண்டால் தேர் வேணுமே" என்று நான் சீண்டினேன்.

"பியர்ப் பீப்பாவை உருட்டிக்கொண்டு வருவினம். நீர் வடத்தைப் பிடியும்."

முன்சீட்டில் இருந்த தமிழ் அங்கிள் திரும்பிப் பார்த்து முறைத்தார். எங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

"யூலையிலை ஒரு கடற்சாப்பாட்டுத் திருவிழா இருக்காம். அதுக்குப் போவமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெயில் காலத்திலை அந்த ஊர்ச் சிப்பி முட்டை விடும். பிடிக்கமாட்டினம். சிப்பி இல்லாத இடத்துக்கு நான் ஏன் கடல் தாண்டவேணும்?"

"அப்ப செப்டம்பர்."

"செப்டம்பரிலை பள்ளிக்கூடம் துவங்குது. பேரனை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

பேரன் வளர்ந்தான். பேத்தி பிறந்து அவளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஒவ்வொரு செப்டம்பரும் இதே கதைதான். மகனிடம் சொல்லிப் பாரும் என்றால், "என்னெண்டு சொல்ல? பியர் குடிக்கப் போறன் எண்டோ?" என்பீர். வீட்டில் நீர் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற, மீன் இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத மனுசி. வேலை முடிந்து அரைக் கிளாஸ் கறுத்த பியரும் நாலைந்து சிப்பியுமாக உம்முடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்கும் செஃபுக்கும் மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு ஏலக்காய் சப்பிக்கொண்டு பஸ் ஏறுவீர்.

போன பனிக்காலம் ஒரு விடியற்காலை உம்முடைய நெஞ்சு நின்றுபோனது.

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் சமைத்துப் படைக்கவேண்டும் என்பது எங்களுடைய வழக்கம். மச்சமும் வைக்கலாம், சாராயமும் வைக்கலாம். அதை நம்பித்தான் நான் உம்முடைய வீட்டுக்கு வந்தேன். சிப்பியை உடைத்து ஐஸ்மேல் அடுக்கி, கறுத்த பியரும் ஒரு ரின் எடுத்துக்கொண்டு வந்தேன். மகன் வாசலிலேயே மறித்தான்.

"அன்ரி, உதென்ன?"

"கொம்மாவுக்கு விருப்பமானது."

"அம்மா உதெல்லாம் தொடமாட்டா. அவ சைவம். உள்ளுக்கு ஆக்கள் இருக்கினம், அன்ரி."

"கொப்பற்ரை எட்டிலை அந்தாளுக்கு விஸ்கிப் போத்தல் உடைச்சு வைச்சனியே. அண்டைக்கு ஆக்கள் இருக்கேல்லையோ?"

அவனுக்குப் பின்னால் உம்முடைய மச்சாள் வந்தா. "செத்த பொம்பிளையின்ரை பேரைக் கெடுக்கவோ வந்தனீர்?" என்று கேட்டா. அவன் தட்டை வாங்கிக்கொண்டு போய்க் கராஜில் வைத்துக் கதவைச் சாத்தினான்.

படையலில் என்ன இருந்தது தெரியுமா? இடியப்பம், சொதி, வடை, ஒறேஞ் ஜூஸ். நெஞ்செரிவு என்று நீர் ஒருநாளும் தொடாத ஒறேஞ் ஜூஸ். சனம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு, "ஒண்டுக்கும் ஆசைப்படாத மனுசி" என்று உம்மைப் புகழ்ந்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அவனை மட்டும் திட்டி என்ன செய்ய? அவனுக்கு அம்மாவைத் தெரியாது. தெரியவிடாதவர் நீர். ஒருநாளாவது சாப்பாட்டு மேசையில் இருந்து, "எனக்கு உது விருப்பம்" என்று வாய் திறந்து சொன்னீரா? சொல்லியிருந்தால் அவன் கொஞ்சம் முகம் சுளித்திருப்பான், பிறகு பழகியிருப்பான். வானம் இடிந்து விழுந்திருக்காது. எந்தத் திருவிழா என்று என்னோடு சண்டை பிடிக்க உமக்கு எவ்வளவு வாய் இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டினால் அந்த வாய் எங்கே போனது?

போன கிழமை மகன் போன் எடுத்தான்.

"அன்ரி, இன்னும் கோபமோ?"

"ஓம்."

பின்னால் சத்தம் போட்ட பிள்ளைகளை அதட்டினான். பிறகு, "செப்டம்பரிலை பள்ளிக்கூடம் துவங்குது. நீங்கள் கிட்டத்திலை தானே இருக்கிறியள். பிள்ளையளைக் கொண்டுபோய் விடுவியளோ? அம்மா இருந்தால்..." என்று இழுத்தான்.

"செப்டம்பரிலை நான் இஞ்சை இல்லை. அயர்லாந்துக்குப் போறன்."

அதைச் சொல்லும்வரை அப்படி ஒரு முடிவு என்னிடம் இருக்கவில்லை. வாய் சொன்னது, காது கேட்டது.

"அயர்லாந்தோ? அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தருமில்லை. சிப்பித் திருவிழா நடக்குது. கொம்மா எத்தினையோ வருசமாத் தெரிவுசெய்து வைச்சது."

அவனுடைய குரல் உடைந்தது. "அம்மா எனக்கு ஒண்டும் சொல்லேல்லை அன்ரி."

"நீ கேட்டனியோ?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். பாவம் பார்க்கவில்லை.

அடுத்தநாளே செஃபிடம் லீவு கேட்டேன். எந்தத் திருவிழாவுக்கு என்று கேட்டார். வசந்தகாலம்வரை பொறுத்துப் பாணும் வெண்ணெயும் உள்ளதைச் சொல்லியிருக்கலாம், அங்கே குந்தியிருந்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம். உம்முடையதைத்தான் சொன்னேன். சிப்பி எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. என்றாலும் அந்தத் தெருவில் சனத்துக்கு நடுவில் நின்று விழுங்குவேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

அங்கே போனால் மனம் ஆறிவிடும் என்று நினைக்காதீர். இந்தக் கோபத்தை நான் விட்டுவிட்டுப் போகப்போவதில்லை. அது இல்லாவிட்டால் நானும் ஏதாவது சாட்டுச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவேன். உமக்கு இப்படி ஒரு கோபம் ஒருநாளும் வரவில்லையே. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.